பொம்மை வண்டி

விளையாட்டுச் சாமான்தானே என்று பெரியவர்கள் ஒதுக்கிவிடும் வஸ்துக்களிலே, சில சமயம் ஒரு தேசத்தின் சரித்திரமே அடங்கிக் கிடப்பதுண்டு. 1965-ஆம் வருஷம் பிரிட்டனில் 'கார்கி' என்ற பெயருடன் வெளிவந்த ஆஸ்டன் மார்ட்டின் டி.பி.5 என்னும் சின்னஞ்சிறு மோட்டார் வண்டி அத்தகையது.

நீளம் நாலு அங்குலத்துக்கும் குறைவு. துத்தநாகக் கலவையை உருக்கி, எஃகு அச்சிலே அழுத்திச் செலுத்தி வார்த்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் முன்புறம் துப்பாக்கிகள் நீளும். மற்றொன்றை அழுத்தினால் கூரை திறந்து, உள்ளே இருக்கும் ஆசாமி ஆகாயத்தில் பாய்வான்! 1964-இல் வந்த 'கோல்ட்பிங்கர்' ஸினிமாவின் வண்டி வெள்ளி நிறம். பொம்மைக்கோ பொன்னிறம் பூசினார்கள். அசல் வண்டிகள் சுமார் ஆயிரந்தான் செய்யப்பட்டன. பொம்மை வண்டிகள் லட்சக்கணக்கில் விற்றன.

இதைச் செய்த மெட்டாய் கம்பெனியின் ஸ்தாபகர் பிலிப் உல்மன். ஜெர்மனியில் நூரம்பர்க் நகரிலே பொம்மைத் தொழிற்சாலை நடத்தியவர், யூதர். 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் தேசத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. ஆலை பறிபோகலாம், தொழில் ஞானத்தை யார் பறிக்க முடியும்? இங்கிலாந்தில் நார்த்தாம்ப்டனில் மறுபடியும் தொழில் தொடங்கினார். பின்னர் வேல்ஸ் நாட்டு ஸ்வான்ஸீயிலும் ஆலை எழுந்தது. கார்கி என்பது அந்நாட்டு நாய் இனத்தின் பெயரே. 1983-இல் மெட்டாய் மூடப்படும் வரையில் எத்தனையோ வேல்ஸ் குடும்பங்களுக்கு அது சோறு போட்டது.

நம்மவர் யார், அந்நியர் யார் என்று மதத்தை வைத்துக் கணக்குப் பார்த்த தேசத்துக்கு நஷ்டம். அடைக்கலம் தந்த தேசத்துக்கு லாபம். சுதேசித் தொழில் செழிக்க விரும்பும் நாம் முதலில் தொழில் தெரிந்தவனைப் போற்ற வேண்டும். அவன் எந்தக் கோயிலில் கும்பிடுகிறான் என்பது நமக்கு வேண்டாத விசாரணை.