பூஞ்சணமும் பிள்ளைகளின் இழுப்பும்

பிள்ளைக்கு இழுப்பு வந்தால் மெல்பேர்ண் குளிரைக் குறை சொல்கிறோம். எங்கள் வீட்டையும் கொஞ்சம் பார்க்கவேண்டும்.

ஊரில் கிடுகு வேய்ந்த குசினியில் புகையும் நீராவியும் கூரை இடுக்குகளால் வெளியேறிவிடும். அடுப்புச் சூட்டில் ஓலையும் காயும். இங்கே யன்னல்களைப் பூட்டிவிட்டுச் சோறு அவிக்கிறோம், உள்ளேயே உடுப்புக் காயவிடுகிறோம். அந்த ஈரம் குளிர்ந்த கண்ணாடியிலும் சீலிங்கிலும் நீராகப் படிந்து பூஞ்சணம் பிடிக்கிறது. இத்தகைய வீடுகளில் இழுப்பு அதிகம் என உலக சுகாதார நிறுவனம் 2009இல் எச்சரித்தது.

துடைப்பது மட்டும் போதாது. சமைக்கும்போதும் குளிக்கும்போதும் எக்ஸோஸ்ட் விசிறியைப் போடுங்கள். அது கூரைக்குள் அல்லாமல் வெளியே காற்றை விடுகிறதா எனப் பாருங்கள்.

விக்டோரியாவில் 29.3.2021 முதல் செய்த வாடகை ஒப்பந்தங்களில், கட்டடக் குறையால் வரும் பூஞ்சணத்தை நீக்குவது வீட்டு உரிமையாளரின் கடமை. எழுத்தில் கேளுங்கள். வாடகை கூடிவிடும் என்று பேசாமலிருந்தால் மூச்சுத் திணறுவது எங்கள் பிள்ளைகளே.