சுவரை உடைக்கும் முன்

வரவேற்பறையில் உள்ள ஹோம் தியேட்டருக்குப் பத்து வயதாகிவிட்டால் வீடுகளில் எழும் புகார் ஏறக்குறைய ஒன்றுதான்: வசனம் புரியவில்லை. குண்டு வெடித்தால் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. கதாநாயகி பேச ஆரம்பித்தால் ரிமோட்டைத் தேட வேண்டியிருக்கிறது. காது சற்று மந்தமான பெரியவர்கள் சப்டைட்டிலே கதி என்று ஆகிவிடுகிறார்கள். கடைக்காரர் தரும் யோசனையும் ஒன்றுதான்: சுவரில் பதித்த ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் போட வேண்டும், முடிந்தால் கூரையிலும் இரண்டு.

யோசனை தவறல்ல. ஆனால் மேஜைமேல் நிற்கும் ஸ்பீக்கர் பிடிக்காவிட்டால் அதை வேறு அறைக்கு நகர்த்திவிடலாம். சுவரில் கட்டர் மெஷின் இறங்கிய பிறகு அந்த வசதி கிடையாது.

சுவருக்குள் பதிக்கும் ஸ்பீக்கர் மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும் கொண்டு வீடு கட்டும் நாட்டுக்கு ஏற்ற சரக்கு. அமெரிக்க வீட்டுச் சுவர்களின் உள்ளே வெற்றிடம் இருக்கிறது. அந்த வெற்றிடமே ஸ்பீக்கருக்குப் பெட்டியாகிவிடுகிறது. இந்தியச் சுவர் செங்கல்லும் சிமென்ட்டும். அறைகளுக்கு இடையே எழுப்பும் சுவர் பெரும்பாலும் நாலரை அங்குலம். ஸ்பீக்கரின் ஆழமோ 3 முதல் 4 அங்குலம். அதற்குக் குழி தோண்டினால் மறுபக்கத்தில் மிஞ்சுவது பூச்சு மட்டுமே. ஒன்பது அங்குலச் சுவரில் இடமுண்டு. ஆனால் தூண், பீம், லிண்டல் எதுவும் குறுக்கே வரக்கூடாது.

மும்பை, புனே, ஹைதராபாத் போன்ற நகரங்களின் புதிய அடுக்குமாடிகளில் ஆபத்து இன்னும் அதிகம். அலுமினிய அச்சில் காங்கிரீட் ஊற்றிக் கட்டும் முறையை மேஸ்திரிகள் 'மைவான்' என்கிறார்கள். இத்தகைய கட்டடங்களில் உள்சுவர்கள் பலவும் மேல்மாடிகளின் பாரத்தைத் தாங்குபவை. அங்கே கம்பியை அறுப்பவர் தன் பிளாட்டை மட்டுமல்ல, தலைக்குமேல் உள்ள குடும்பங்களையும் பணயம் வைக்கிறார். இதற்கு இன்டீரியர் டிசைனரின் சம்மதம் போதாது. கட்டுமானப் பொறியாளரின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும். பாதுகாப்பான வழி, டிவி இருக்கும் சுவருக்கு முன்னால் ஐந்து அங்குல ஆழத்தில் பிளைவுட் அல்லது ஜிப்சம் தடுப்பு எழுப்பி, ஸ்பீக்கரை அதில் பதிப்பது. அறை அரை அடி சுருங்கும். கட்டடத்துக்கு நஷ்டமில்லை.

பழைய ஸ்பீக்கருக்கு விடை கொடுக்கும் முன் அதற்கு ஒரு பரிசோதனை நடத்துவது நியாயம். ஒயர்களை ரிசீவரிலிருந்து கழற்றி, அவற்றின் முனைகளில் ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டால் கூம்பு வெளியே தள்ள வேண்டும். ஒன்று வெளியேயும் மற்றது உள்ளேயும் போனால் எங்கோ ஒயர் மாறியிருக்கிறது. கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு நுரையால் ஆனதா, ரப்பரா என்று பார்க்க வேண்டும். வெயிலும் ஈரக்காற்றும் உள்ள ஊர்களில் நுரை விளிம்பு சில வருடங்களில் பொடிந்து உதிரும், ரப்பர் நீடிக்கும். பிறகு ரிசீவரின் மெனு. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான சத்தத்தை சப்வூஃபருக்குத் திருப்பிவிட்டு, நடு ஸ்பீக்கரின் அளவை 2 அல்லது 3 டெசிபல் உயர்த்தினாலே வசனம் தெளிவாகிவிடக்கூடும். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

மாற்றியே தீர வேண்டும் என்றால், பழைய குழியின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அளந்த பிறகே கடைக்குப் போக வேண்டும். குழி அளவில் கம்பெனிகளிடையே பொது வரையறை இல்லை. புதியது பெரிதாக இருந்தால் குழியை விரிக்கலாம். சிறிதாக இருந்தால் இடைவெளியை வலை மறைக்காது.

அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் வாட் கணக்கு அவ்வளவாக உதவாது. உணர்திறன் என்று சிறிய எழுத்தில் தரப்படும் டெசிபல் எண்தான் முக்கியம். 87 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 90 டெசிபல் ஸ்பீக்கரைப் போட்டால், அதே சத்தத்துக்கு ஆம்ப்ளிஃபயரின் பாதி சக்தி போதும். அடுத்தது ஓம் கணக்கு. 8 ஓமுக்கு வடிவமைத்த ரிசீவரில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் அது சூடேறித் திணறும். முன்னால் உள்ள மூன்றும், அதாவது இடது, நடு, வலது, ஒரே வரிசையைச் சேர்ந்தவையாக இருப்பது அவசியம். இல்லையெனில் கார் திரையைக் கடக்கும்போது அதன் குரல் பாதியில் மாறும். உயரமும் முக்கியம். ட்வீட்டர், சோபாவில் உட்கார்ந்திருப்பவரின் காது மட்டத்தில், சுமார் மூன்றரை அடி உயரத்தில் இருக்க வேண்டும். அழகுக்காக ஆறடி உயரத்தில் பதித்துவிட்டு வசனம் புரியவில்லை என்பதில் பயனில்லை.

ஸ்பீக்கருக்குப் பின்னால் மூடிய பெட்டி ஒன்று அவசியம். உள்ளே கனிமப் பஞ்சு வைத்தால் பக்கத்து அறைக்குக் கசியும் சத்தம் குறையும். ஒயர் சுத்தமான செம்பாக இருக்க வேண்டும். சாதாரண தூரத்துக்கு ஒன்றரை சதுர மில்லிமீட்டர் போதும், நீண்ட தூரத்துக்கு இரண்டரை. முனையை வெட்டிச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிவது செம்பு முலாம் பூசிய அலுமினியமாக இருக்கலாம். 230 வோல்ட் ஒயர் போகும் குழாயில் இதையும் திணிக்கக்கூடாது.

கூரை ஸ்பீக்கர் ஆசைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1992இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்துடன் டால்பி டிஜிட்டலும், 1993இல் 'ஜுராசிக் பார்க்' படத்துடன் டிடிஎஸ்ஸும் தியேட்டருக்கு வந்தன. தலைக்கு மேலிருந்தும் ஒலிக்கும் டால்பி அட்மாஸ் 2012இல் 'பிரேவ்' படத்துடன் வந்தது. வீட்டில் அதன் எளிய வடிவம் 5.1.2: காது மட்டத்தில் ஐந்து, ஒரு சப்வூஃபர், கூரையில் இரண்டு. கீழே உள்ள ஐந்தும் சரியாக இல்லாதபோது மேலே இரண்டைச் சேர்ப்பது அஸ்திவாரம் ஆடும் வீட்டுக்கு மொட்டைமாடி கட்டுவதுதான். ஆகவே பணம் முதலில் நடு ஸ்பீக்கருக்கும் அதன் இரு ஜோடிகளுக்கும், அடுத்து சப்வூஃபருக்கும், பிறகு பின்பக்கத்துக்கும், கடைசியாகக் கூரைக்கும் போவது நல்லது.

அண்டைவீட்டார் இந்தச் செலவில் பங்கு தருவதில்லை. சத்தத்தில் மட்டும் பங்கு பெறுகிறார்கள். 2000ஆம் வருட ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வைத்திருக்கும் வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். சப்வூஃபரின் அடித்தொனி காங்கிரீட் தளத்தின் வழியே இறங்கிப் போகும். அதன் காலடியில் கனமான ரப்பர் பலகை வைப்பது ஓரளவு உதவும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஸ்டாண்டில் நிற்கும் ஸ்பீக்கரே லாபம்: வீடு மாறும்போது அது கூடவே வரும், குழி வராது. சொந்தச் சுவரில் கைவைப்பவர்கள் பூச்சு வேலைக்கு முன் ஒரு காரியம் செய்ய வேண்டும். ஒயர் போகும் பாதையை, அளவு டேப்பைப் பக்கத்தில் பிடித்து, போட்டோ எடுத்து வைக்க வேண்டும். அடுத்த பத்து வருடத்தில் அந்தச் சுவரில் ஆணி அடிக்க வருபவருக்கு உள்ளே என்ன ஓடுகிறது என்று வேறு யாரும் சொல்லப்போவதில்லை.