செவிலியரிடம் மறைக்கலாமா?



12 ஆண்டுகள் பெரும்பாட்டினால் வருந்திய பெண் ஆண்டவரின் ஆடையைத் தொட்டதை (மாற்கு 5) நாம் அடிக்கடி தியானிக்கிறோம். பின்னர் அவள் அஞ்சி நடுங்கி வந்து, எதையும் மறைக்காமல் அவரிடம் கூறியதை அத்துணை நினைப்பதில்லை.

மருத்துவமனையில் நமக்கும் அத்தகைய வேளை வருகிறது. அறுவை சிகிச்சைக்கு முன் செவிலியர் கேட்பார்: பல் பிடுங்கியபின் இரத்தம் நிற்கத் தாமதமானதா? அடிபடாமலே உடலில் நீலம் பாய்கிறதா? மாதவிலக்கு 7 நாட்களைக் கடக்கிறதா? மலம் கறுத்துப் போகிறதா? ஆஸ்பிரின் மாத்திரை உட்கொள்கிறீர்களா? தாய்மாமன்மாருக்கு இரத்தம் உறையாக் குறை உண்டா?

இவை வீண் விசாரணையல்ல. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் சுமார் 1.5 முதல் 4.5 இலட்சம் தட்டணுக்கள் இருத்தல் இயல்பு. ஆயினும் ஹீமோஃபிலியா உள்ளவருக்கு இவ்வெண்ணிக்கை சரியாகவே இருக்கும்; குறைவுபடுவது இரத்தத்தை உறையச் செய்யும் வேறொரு புரதம். இக்குறை பெரும்பாலும் தாய்வழியாக ஆண்மக்களை அடைகிறது. ஆகவே குடும்ப வரலாறே முதல் தடயமாகலாம்.

பெண்ணின் திருமணம் தடைப்படுமென்று அஞ்சி இதனை மறைக்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. மறைத்த சொல்லுக்கு விலை கொடுப்பவன் அறுவை மேசையில் கிடக்கும் பிள்ளையன்றோ!

உண்மையைக் கூறிய அப்பெண்ணை ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை. ‘மகளே’ என்றழைத்துச் சமாதானத்தோடு அனுப்பினார். கேட்கும் செவிலியரிடம் நாமும் கூச்சத்தை விடுத்து உள்ளதை உள்ளவாறு கூறுவோமாக.