இழையின் நீளமும் எல்லைத் தறிகளும்

பருத்தி உற்பத்தித் திறனைப் பெருக்க ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றை 2025-26-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். மிக நீண்ட இழைப் பருத்தி ரகங்களை ஊக்குவிப்பதும் அதன் நோக்கம். இந்த ஒரு வரி, பருத்தி விளையாத ஒரு வட்டாரத்தின் பிழைப்போடும் சம்பந்தப்பட்டது.

களியக்காவிளையைத் தாண்டி, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் செல்லும் சாலையில் உள்ளது பாலராமபுரம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மா காலத்தில், தென்தமிழகத்துச் சாலியர் குடும்பங்கள் அங்கே குடியமர்த்தப்பட்டன. 1956-இல் மாநிலங்கள் பிரிந்தபோது விளவங்கோடு தமிழகத்துக்கு வந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. தறிக்கான நூல் மட்டும் இன்றும் பெரும்பாலும் தமிழகத்திலிருந்தே போகிறது. 2009-இல் புவிசார் குறியீடு பெற்ற பாலராமபுரம் கைத்தறிக்குப் பெயர் வாங்கித் தந்தது 100, 120-ஆம் நம்பர் மெல்லிய நூல். குட்டை இழையில் அந்த நூலை நூற்க இயலாது.

பருத்தியின் ஒவ்வோர் இழையும் விதைத்தோலில் முளைக்கும் ஒற்றை உயிரணு. பூ மலரும் நாளில் கிளம்பி, ஏறத்தாழ மூன்று வாரம் நீண்டு, பிறகு செல்லுலோஸ் படிந்து தடிக்கிறது. எவ்வளவு நீள வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதைப் பல மரபணுக்கள் கூடித் தீர்மானிக்கின்றன. 2002-இல் அனுமதிக்கப்பட்ட பி.டி. பருத்தியில், காய்ப்புழுவைத் தடுக்க நுண்ணுயிரியிலிருந்து எடுத்த ஒரே மரபணு போதுமானதாக இருந்தது. இழை நீளத்துக்கு அத்தகைய குறுக்குவழி இல்லை. போதாக்குறைக்கு, இழை நீண்டால் மகசூல் குறையும் போக்கும் உண்டு. விதைக் கம்பெனிகள் இதில் அவசரம் காட்டாததில் வியப்பென்ன?

காட்டியவர்கள் அரசு விஞ்ஞானிகளே. எகிப்தியப் பருத்தி வழிவந்த சுஜாதாவையும், செயின்ட் வின்சென்ட் என்ற கரீபியக் கடல்தீவுப் பருத்தியையும் இணைத்து, 1974-இல் கோவையில் வி. சந்தானம் உருவாக்கிய ரகமே சுவின். 120-ஆம் நம்பர் நூலுக்கு ஏற்ற இழை அது. ஆனால் நீண்ட நாள் பயிர், மகசூலும் குறைவு. தரத்துக்காகக் கிடைத்த கூடுதல் விலை அந்த நஷ்டத்தை ஈடுகட்டவில்லை. விவசாயிகள் ஒதுங்கினர்; இன்று மிகச் சொற்பப் பரப்பிலேயே சுவின் பயிராகிறது.

32 மில்லி மீட்டருக்கு மேற்பட்ட இழைப் பருத்திக்கு இறக்குமதி வரி 2024 பிப்ரவரியில் நீக்கப்பட்டது. ஆலைகளுக்கும் தறிகளுக்கும் அது நிவாரணம்தான். ஆயினும் எகிப்தையும் அமெரிக்காவையும் நம்பி எத்தனை காலம் நூற்பது?

பயிர்ப் பருத்தியின் மரபணுத் தொகுப்பு 2015-லேயே வாசிக்கப்பட்டுவிட்டது. காய் வெடிக்கும்வரை காத்திராமல், நாற்றின் இலையைச் சோதித்தே நல்ல இழைக்கு வாய்ப்புள்ள செடியைத் தேர்ந்தெடுக்கலாம். எனினும் புதிய ரகம் வயலில் நிலைபெறப் பல பருவங்கள் ஆகும். ஐந்தாண்டுத் திட்டம் முடிந்ததும் பணத்தை நிறுத்தினால் பாதியில் நிற்கும். கோவையில் உள்ள மத்திய பருத்தி ஆராய்ச்சி நிலையத்துக்கும், தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் இத்திட்டத்தில் எவ்வளவு ஒதுக்கீடு, எத்தனை ஆண்டுகளுக்கு என்பதை வேளாண் அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவிக்க வேண்டும். நீண்ட இழை விளைவிக்கும் விவசாயிக்கு மகசூல் இழப்பை ஈடுசெய்யும் கொள்முதல் விலையையும் அத்துடன் அறிவிக்க வேண்டும்.