எங்கப்பன் குதிருக்குள் இல்லை!

திருத்தணி சாலையில் கனகம்மாசத்திரத்தில் இறங்கித் தேநீர் அருந்துவோர், நாளேட்டைப் புரட்டி அரசியல்வாதிகளைக் கேலி செய்யாமல் எழுவதில்லை. அது குற்றமன்று. அச்சேறினால் மட்டும் குற்றமாகிவிடுகிறது!

1987இல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு கேலிச் சித்திரம். ஜேப்படித் திருடன் போலிருப்பவர் சட்டமன்ற உறுப்பினராம். முகமூடிக் கொள்ளைக்காரன் போலிருப்பவர் அமைச்சராம். எவர் பெயரும் அதில் இல்லை. ஆயினும் தமிழகச் சட்டமன்றம் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறை விதித்தது. குற்றஞ்சாட்டியதும் சட்டமன்றமே, தீர்ப்பளித்ததும் சட்டமன்றமே! பத்திரிகையுலகம் கொதித்தெழவே சில நாட்களில் விடுவித்தனர். 1994இல் உயர்நீதிமன்றம் 1000 ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. தண்டனை உடனே வந்தது. நீதி வர ஏழாண்டு ஆயிற்று.

சட்டமன்ற உரிமைகள் இன்னவையெனச் சட்டமியற்றி வரையறுக்க அரசியல் சட்டத்தின் 194ஆம் பிரிவு இடமளிக்கிறது. இன்றளவும் வரையறுத்தாரில்லை. வரப்பில்லாத வயலில்தானே எங்கும் மேயலாம்!

2025 பிப்ரவரியில், பிரதமரை விலங்குடன் வரைந்த சித்திரத்திற்காக விகடன் இணையதளமே முடக்கப்பட்டது. சித்திரத்தை நீக்கினால் முடக்கத்தை விலக்குமாறு மார்ச்சில் உயர்நீதிமன்றம் கூறியது. அன்று மாநில ஆட்சி, பின்னர் மத்திய ஆட்சி. ஆள்வோர் மாறினர், அச்சம் மாறவில்லை.

நாமும் நம் நெஞ்சைத் தொட்டுக் கேட்போம். வேண்டாதவரைக் கேலி செய்தால் சிரிக்கிறோம். வேண்டியவரைக் கேலி செய்தால் வழக்குப் போடச் சொல்கிறோம். அவ்வாறு சொல்லும்வரை அடுத்த விலங்கிற்கு இரும்பு கொடுப்பவர்கள் நாமே.