வீட்டுக் குறிப்பு: பலகை வீட்டுக்கு வரும் மின்கம்பி

பலகை வீட்டில் குடியிருக்கும் நேயர்களே! தெருக் கம்பத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் மின்கம்பி எதில் மாட்டியிருக்கிறது? கீழே நின்றபடியே பாருங்கள். அதன் இழுவையைத் தாங்க வேண்டியது வீட்டுத் தூண், வெறும் பலகையல்ல. பலகையில் அடித்த ஆணி காற்றிலும் மழையிலும் நாளடைவில் கழன்றுவிடும்.

கம்பி, உள்ளே நுழையுமிடத்துக்குக் கீழே சற்றுத் தொங்கி வளைந்திருக்க வேண்டும். அப்போதுதான் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், மீட்டருக்குள் இறங்காது.

மெயின் சுவிட்சை அடைத்துவிட்டால் ஆபத்தில்லை என்று எண்ணாதீர்கள். மீட்டருக்கு முன்னுள்ள கம்பியில் 230 வோல்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். கம்பி தளர்ந்திருந்தால் ஏணி வைத்து ஏறாமல், 15454 எண்ணில் தெனாகாவுக்குச் சொல்லுங்கள். நாலு காசு மிச்சம் பிடிக்கப்போய்ப் பிள்ளைகளைத் தவிக்க விடலாமா?