58 அடியில் முடிகிற ஆடுகளம்

மதிப்பிற்குரிய மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

மாநகராட்சித் திடல்களில் செயற்கைப் புல் கிரிக்கெட் ஆடுகளமும் பயிற்சி வலைகளும் வரப்போவதாகக் கேள்விப்பட்டோம். நல்ல முடிவு. களிமண், ரோலர், தண்ணீர், பார்த்துக்கொள்ள ஓர் ஆள் என்று இயற்கைப் புல் கேட்பதையெல்லாம் பொதுத் திடல் தாங்காது. கயிற்றுப் பாய் விரித்து, ஆணியடித்து, நாலு ஓவருக்கு ஒருமுறை இழுத்துவிட்டு ஆடியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மதிப்பீடு தயாராகும்போதே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பச்சை விரிப்பைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அடியிலிருக்கும் கான்கிரீட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கிரிக்கெட் விதிப்படி ஆடுகளம் 66 அடி நீளம், 10 அடி அகலம். செயற்கைத் தளமென்றால் குறைந்தது 58 அடி நீளமும் 6 அடி அகலமும் இருந்தால் போதும் என்று அதே விதி சலுகை தருகிறது. ஒப்பந்ததாரர் எந்த அளவைப் பிடித்துக்கொள்வார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்டம்புக்கு 4 அடி முன்னால் பாப்பிங் கிரீஸ் என்ற கோடு. இரு முனையிலும் அந்த 4 அடியைக் கழியுங்கள்: சரியாக 58. அதாவது, வேகப்பந்து வீச்சாளர் முன்னங்காலை ஓங்கி ஊன்றுகிற இடத்தில்தான் கான்கிரீட்டின் விளிம்பு. ஒரு மழைக்காலம் போனால் ஓரத்து மண் கரைந்து, அந்த விளிம்பு இரண்டு விரற்கடை துருத்திக்கொண்டு நிற்கும். அகலத்திலும் இதே வம்பு. வீச்சாளருக்குப் பக்கவாட்டு எல்லையான ரிட்டர்ன் கிரீஸ் நடு ஸ்டம்பிலிருந்து 4 அடி 4 அங்குலத்தில் இருக்கிறது. 6 அடித் தளமோ 3 அடியிலேயே முடிந்துவிடும். கணுக்கால் பிசகப்போவது பள்ளிப் பிள்ளைகளுக்கு.

ஆகவே அகலம் 10 அடி இருக்கட்டும். ஸ்டம்புக்குப் பின்னாலும் ஓர் ஆள் நீளத்துக்குத் தளம் போகட்டும். நீர்வாட்டம் பார்த்துப் போடச் சொல்லுங்கள். ஓரத்து மண்ணை அவ்வப்போது நிரப்புவதும் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

டெண்டரில் வெறுமனே ‘செயற்கைப் புல்’ என்று எழுதினால், ரப்பர் துகள் தூவிய கால்பந்து டர்ஃப் வந்து இறங்கிவிடும். அதில் பந்து ஒழுங்காக எழும்பாது. கிரிக்கெட்டுக்கு வேண்டியது குட்டையான, அடர்ந்த புல். (ஆணி ஷூவோடு ஏறக் கூடாது என்று ஒரு பலகையும் வையுங்கள். யாரும் படிக்க மாட்டார்கள், இருந்தாலும்.)

கையெழுத்திடும் முன் ஒரு நாள் மாலை திடலுக்கு வாருங்கள். 58 அடிக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு, வேகமாக வீசுகிற ஒரு பிள்ளையை ஓடிவந்து வீசச் சொல்லிப் பார்ப்போம். பொறியாளரையும் அழைத்து வாருங்கள். அளவு நாடா நாங்கள் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
திடலில் பிள்ளைகளுக்குப் பந்துவீச்சு சொல்லித்தரும் ஒருவன்